பட்டறைச் சுவர்

ஈஸ்டர் முடிந்த மறு வாரம். கத்திரி பிறக்க இன்னும் நாள் இருந்தது, அதற்குள் வெயில் தகரக் கூரையைக் காய்ச்சத் தொடங்கிவிட்டது. அப்படி ஒரு மத்தியானத்தில்தான் ரெக்ஸ் தன் பட்டறையை ஒழுங்குபடுத்தப் போவதாகச் சொன்னான். சங்கரா மீன் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்த வெரோனிகா நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இருபத்துநான்கு வருஷத்தில் அந்த மனிதன் கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டி அவள் பார்த்ததில்லை.

"யாரு, நீங்களா?"

"நான்தான். எல்லாத்தையும் சொவுத்துல மாட்டிடப் போறேன். கீழ ஒரு சாமான் கெடக்காது பாரு."

"இன்னிக்கி இன்னா தேதி?"

"ஏன்?"

"காலண்டர்ல எழுதி வெக்கத்தான்."

அவன் சிரித்தான். தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினான். விரல் பட்டு டம்ளர் சாய்ந்தது, குழம்புத் தட்டு வரைக்கும் தண்ணீர் ஓடியது. வெரோனிகாவின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அந்த மாதத்தில் அது மூன்றாவது டம்ளர்.

உழவர்கரையில் அவர்கள் வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு சந்து இருந்தது. அதற்கு மேலே தகரம் போட்டு, முன்னால் ஒரு கதவு வைத்தால் அதுதான் ரெக்ஸின் பட்டறை. நிலை, கதவு, அலமாரி எல்லாம் அங்கேதான் உருவாகும். கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளின் சன்னல் பலகைகள் உப்புக்காற்றில் இற்றுப்போனால் அவற்றைக் கழற்றி இங்கேதான் கொண்டுவருவான். வேலை சுத்தமாக இருக்கும். வேலை நடக்கும் இடம் மட்டும் மாட்டுத்தொழுவத்தைவிட மோசம். உளியைத் தேடினால் அரம் கிடைக்கும், அரத்தைத் தேடினால் போன வாரம் தொலைந்த மூக்குக்கண்ணாடி கிடைக்கும். ஒரு தடவை மூலைமட்டத்தைக் காணோம் என்று இரண்டு நாள் வேலையை நிறுத்தினான். அது அவன் படுத்த பாய்க்குக் கீழே இருந்தது.

வெரோனிகா டவுனில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். விடியுமுன் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். பகல் ஒரு மணிக்கு, உடைந்த ரொட்டி இரண்டு மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். முன்பெல்லாம் ரெக்ஸ்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவான். ஜனவரிக்குப் பிறகு அவன் வண்டியைத் தொடவில்லை. பிரேக் சரியில்லை என்றான். மெக்கானிக்கிடம் விடவும் இல்லை.

சொன்னபடியே ரெக்ஸ் வேலையைத் தொடங்கினான். முதல் மூன்று நாள் சாமான்களை வெளியே எடுத்து வாசலில் குவித்தான். பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் தண்ணீர் பிடிக்க வந்தவள் நின்று வேடிக்கை பார்த்தாள். வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு, காலனி வீடுகளில் சமையல் வேலை செய்கிறவள் அவள்.

"இன்னா வெரோனிகா, வூடு காலி பண்றீங்களா?"

"இல்லக்கா. எங்க வூட்டுக்காரருக்குப் புத்தி வந்துட்டு இருக்குது."

பட்டறைச் சுவருக்கு அவன் வெள்ளை அடித்தான். மீந்துபோன பிளைவுட்டை எல்லாம் நான்கு விரல் அகலப் பட்டைகளாக அறுத்தான். ஒவ்வொரு பட்டையின் மேல் விளிம்பையும் சரிவாகச் சீவி, சரிவு சுவரைப் பார்க்கும்படி வைத்து, வரிசை வரிசையாக ஸ்குரு முடுக்கினான். சுவர் முழுக்க ஏணிப்படி மாதிரி ஏழு வரிசை. பிறகு ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகத் தாங்கி செய்தான். தாங்கியின் முதுகில் அதேபோல் சரிவு சீவிய ஒரு துண்டு, ஆனால் தலைகீழாக. அதைச் சுவர்ப் பட்டையில் மாட்டினால் கவ்விக்கொள்ளும். கனம் ஏற ஏறச் சுவரோடு இன்னும் ஒட்டும்.

"ஆணியே இல்லாம நிக்குதே!" என்றாள் வெரோனிகா.

"இதான் இதுல சூட்சுமம். தூக்குனா வந்துடும். எங்க வேணுமோ அங்க மாட்டிக்கலாம். போன்ல பாத்தேன். இதுக்குப் பேரே பிரெஞ்சுப் பட்டையாம்."

"நம்ம ஊர ஆண்ட பிரெஞ்சுக்காரனுங்க கப்பல் ஏறிப் போயி எத்தினி வருசமாச்சி. இன்னும் நம்ம சொவுத்துல அவனுங்க பேருதானா?"

ரெக்ஸ் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

தாங்கிகளை அவன் செய்த அக்கறைதான் அவளுக்கு விளங்கவில்லை. உளிகளுக்கு ஒரு பலகையில் ஆறு காடி வெட்டினான், பிடி மேலே நிற்க அலகு கீழே தொங்கும்படி. கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலுக்கு இரண்டு முளை. தலை முளைமேல் உட்காரும், பிடி கீழே தொங்கும். இழைப்புளிக்குச் சாய்வாக ஒரு மேடை, ரம்பத்துக்கு ஒரு நாக்கு. மேலே ஒரு பலகை அடித்து, அதன் அடியில் ஊறுகாய் பாட்டில்களின் மூடிகளை வரிசையாகத் திருகிவைத்தான். பாட்டிலைச் சுழற்றினால் கையோடு வரும், சுழற்றினால் மூடியில் மாட்டும். ஆணி ஒன்றில், ஸ்குரு ஒன்றில், கீல் ஒன்றில். எல்லாம் சரி. ஆனால் ஒரு தாங்கியை மாட்டிவிட்டு, பட்டறை மேசைக்கு வந்து, முதுகைக் காட்டி நின்று, சட்டென்று திரும்பிக் கையை நீட்டிப் பார்ப்பான். கை சரியாகப் பிடியில் விழாவிட்டால் தாங்கியைக் கழற்றி ஒரு விரக்கடை தள்ளி மாட்டுவான். மறுபடி மேசைக்கு வருவான். ஒரு சுத்தியலுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.

"தவளக்குப்பத்துக்காரரு நாலு தடவ போன் பண்ணிட்டாரு. கதவு இன்னாச்சின்னு கேக்கறாரு. நீங்க சொவுத்தோட கண்ணாமூச்சி ஆடிகினு இருக்கறீங்க."

"ஆவும். இது முடியட்டும்."

"முடிஞ்ச மாதிரிதானே இருக்குது?"

"இல்ல வெரோ. இன்னும் கைக்கு வரல."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த போதே அவள் மனதில் ஒரு முள் ஏறிக்கொண்டிருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவைத்துக் குடியை நிறுத்தியவன் ரெக்ஸ். அதற்கு முன்பிருந்த வருஷங்களை அவள் மறக்கவில்லை. டம்ளர் சாய்வதும், கதவு நிலையில் தோள் இடிப்பதும், நடந்துவரும்போது வாசல் படி தவறுவதும் அவளுக்குப் பழகிய காட்சிகள். அவன் தூங்கும்போது இரண்டு தடவை குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வாசனை இல்லாத சரக்கும் வந்துவிட்டது என்று கம்பெனியில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாள் செல்வாம்பாள் காம்பவுண்டுச் சுவரோரம் கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காத. ஒங்க வூட்டுக்காரரு காலையில நேரா வந்து என் குடத்து மேல மோதிட்டாரு. பட்டப்பகல்ல. பித்தளக் குடம் பளபளன்னு நிக்குது, அது தெரியலியா? நான் ஒண்ணும் கேக்கல. சாரிக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

வெரோனிகா நேராகப் பட்டறைக்குள் போனாள். ரெக்ஸ் இழைத்துக்கொண்டிருந்தான். மரச்சீவல் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தது.

"என்னப் பாருங்க. மறுபடி தொட்டுட்டீங்களா?"

"எத?"

"எதன்னு தெரியாதா? நம்ம பொண்ணு பிரிஸ்கில்லா மேல சத்தியம் பண்ணுங்க. குடிச்சீங்களா, இல்லியா?"

ரெக்ஸ் இழைப்புளியை நிறுத்தினான். அவள் முகத்தை நேருக்கு நேராக, கண் கொட்டாமல் பார்த்தான். 

"இனிமே இல்ல" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவள் அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்து அழுதாள். இழைப்புளியை அதன் மேடையில் வைத்துவிட்டு அவன் அவள் பக்கத்தில் நின்றான். தொடவில்லை.

மே ஒன்றாம் தேதி சூசையப்பர் திருநாள். தச்சர்களுக்கெல்லாம் அவர்தான் பாதுகாவலர். பட்டறையைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வரவேண்டும் என்று வெரோனிகா பங்குச் சாமியாரிடம் சொல்லி வைத்திருந்தாள். மந்திரித்த கையோடு அவனைத் தனியாக உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லுங்கள் சாமி என்றும் கேட்டிருந்தாள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். கம்பெனியில் அன்று லீவு. ரெக்ஸ் எட்டு மணிக்கே முடி வெட்டிக்கொள்ளத் தெருமுனைக்குப் போய்விட்டான்.

வெரோனிகா விளக்குமாற்றோடு பட்டறைக்குள் நுழைந்தாள். சுவரைப் பார்த்தாள். எல்லாம் தொங்கின, ஆனால் ஒரு முறை இல்லை. பெரிய ரம்பத்துக்குப் பக்கத்தில் சின்னத் திருப்புளி, அதற்குப் பக்கத்தில் கொட்டாப்புளி, அப்புறம் ஒரு அடி காலி இடம், அதன்பிறகு உளிகள். சாமியார் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? தூக்கினால் வந்துவிடும் என்று அவன்தானே சொன்னான். அவள் ஒவ்வொரு தாங்கியாகக் கழற்றினாள். ஈரத்துணியால் துடைத்தாள். பாட்டில்களைக் கழுவி உலர்த்தினாள். பிறகு ரொட்டிகளை அளவு பார்த்துப் பெட்டியில் அடுக்குவதுபோல், பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக மாட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் சூசையப்பர் படத்தை வைத்து ஒரு முழம் மல்லிகை போட்டாள். தள்ளி நின்று பார்த்தபோது பீடம் மாதிரி இருந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

ரெக்ஸ் வந்தான். முடி வெட்டிய கழுத்தில் பவுடர் ஒட்டியிருந்தது.

"எப்படி இருக்குது?"

நேரெதிரே படம் தெரிந்தது அவனுக்கு. "நல்லா இருக்குது. பூவெல்லாம் போட்டிருக்கற" என்று சொல்லிக்கொண்டே மேசைக்குப் போனான். சாமியார் வருவதற்குள் ஒரு முளையை இறக்கிவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். முளையை இடது கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை அதிலிருந்து எடுக்காமல், வலது கையைப் பின்னால் வீசிக் கொட்டாப்புளியின் பிடியை இறுகப் பற்றினான்.

அது கொட்டாப்புளியின் பிடி இல்லை. ஒன்றரை அங்குல உளியின் அலகு.

சத்தம் போடவில்லை. "அய்யோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கையை முன்னால் இழுத்தான். ரத்தம் முழங்கை வரை இறங்கியது. கட்டை விரலுக்குக் கீழே சதை வாய் பிளந்திருந்தது.

"பஞ்சு! பஞ்சு எங்க?"

"மேல் வரிச, எடது பக்கத்துலருந்து மூணாவது பாட்டிலு."

அவள் மூன்றாவது பாட்டிலைச் சுழற்றினாள். கீல் இருந்தது. கழுவியபின் எதை எங்கே மாட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்ததைச் சுழற்றினாள். ஸ்குரு. அதற்கடுத்ததில் துணி சுற்றி எதுவோ இருந்தது. கழுவும்போது அதைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே எடுத்து வைத்து, அப்படியே திரும்பப் போட்டிருந்தாள். இப்போது பஞ்சாக இருக்கும் என்று பிரித்தாள். இரண்டு சின்னச் சொட்டு மருந்துக் குப்பி. ஒரு மடித்த சீட்டு. இரண்டு கண்ணுக்கும், காலையும் இரவும், நிறுத்தக் கூடாது என்று பேனாவால் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது.

அவள் அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, தன் முந்தானையைக் கிழித்துக் கையைக் கட்டினாள்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஆறு தையல் போட்டார்கள். ஊசி போட்டு, அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. வெரோனிகா குப்பிகளை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"இது இன்னா?"

ரெக்ஸ் குப்பிகளை இடது கையால் மூடிக்கொண்டான்.

"கண்ணுக்கு."

"யாரு கண்ணுக்கு?"

"எனக்குத்தான். ஜனவரில கோயில் ஹால்ல கண்ணு முகாம் போட்டாங்கல்ல. கண்ணாடி மாத்தலாம்னு போனேன். டெஸ்ட் எடுத்துட்டுப் பெரிய டாக்டராண்ட அனுப்புனாங்க. கண்ணுக்குள்ள தண்ணி அழுத்தமாம். எடது கண்ணு போயிட்டுது. வெளிச்சம் தெரியும், அவ்ளோதான். வலது கண்ணுல கொழா வழியா பாக்கற மாதிரி இருக்குது. நேரா இருக்கறது தெரியும். ஓரத்துல இருக்கறது எதுவும் தெரியாது."

"டம்ளரு…"

"டம்ளரு, செல்வாம்பா கொடம், வாசப்படி. எல்லாம் ஓரத்துல இருக்கறதுதானே."

"மருந்து போட்டா வந்துடுமா?"

"போனது வராதாம். இருக்கறது நிக்கலாமாம். எத்தினி நாளுன்னு டாக்டருக்கும் தெரியாது."

கிளினிக்கில் ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து கத்தியது. வெரோனிகா அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நான் குடிச்சீங்களான்னு கேட்டேன்."

"கேட்ட."

"தூங்கும்போது வாய மோந்து பாத்தேன்."

"தெரியும். முழிச்சிகினுதான் இருந்தேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "ஏன் சொல்லல? குடிகாரன்னு பேர வாங்கிகினு கம்முனு நின்னீங்களே, ஏன்?"

"குடிகாரன்னா நீ சண்ட போடுவ வெரோ. நிறுத்துனா நிறுத்திடுவான்னு ஒரு நம்பிக்க இருக்கும் ஒனக்கு. இது அப்படியா? இத சொன்னா நீ பிரிஸ்கில்லாவுக்குப் போன் பண்ணுவ. இப்பதான் மெட்ராஸ்ல வேலைக்கிப் போயிருக்கறா, அத வுட்டுட்டு ஓடியாருவா. ரெண்டு பேருமா சேந்து அறுக்கற மெஷின வித்துட்டு என்ன நாற்காலியில ஒக்கார வெப்பீங்க. நான் ஒக்காந்துகினு இன்னா பண்ணுவேன்?"

"ஆமா, ஒக்கார வெப்பேன்! கைய அறுத்துகினு நிக்கறதுக்கு ஒக்காந்துகினு இருக்கறது மேலு!"

"கைய அறுக்காம இருக்கத்தான் சொவுத்த செஞ்சேன்" என்றான் ரெக்ஸ். சுவரைக் கலைத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

சாமியார் பத்து மணிக்கு வந்து, பூட்டியிருந்த கதவுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார் என்று செல்வாம்பாள் சொன்னாள்.

அடுத்த நாலு நாள் வீட்டில் பேச்சே இல்லை. வெரோனிகாவுக்குக் கோபம் யார்மேல் என்று பிரித்தறிய முடியவில்லை. கம்பெனியில் ரொட்டியைக் காகித உறையில் செருகும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணுக்கு முன்னால் கையைக் குழாய் மாதிரி வைத்துப் பார்த்தாள். எதிரில் இருந்த ரொட்டி தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெண் தெரியவில்லை. தட்டு தெரியவில்லை. ஐந்து நிமிஷம்கூட அப்படி இருக்க முடியவில்லை அவளால். வீட்டுக்கு வந்ததும் அறுக்கும் மெஷினின் பிளேடைக் கழற்றி, துணியில் சுற்றி, பீரோவில் சேலைக்கடியில் வைத்துப் பூட்டினாள். ரெக்ஸ் பார்த்தான். தடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் ராமலிங்கம் வந்தார். தவளக்குப்பத்தில் நிலம் இருக்கிறது, டவுனில் மின்துறை வேலையும் இருக்கிறது. புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். பூசையறைக் கதவையும் நாலு சன்னலையும் ரெக்ஸிடம் ஒப்படைத்திருந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் பதறினார்.

"ஐயோ, இன்னாண்ணே இது? மெஷினா?"

ரெக்ஸ் வாயைத் திறக்குமுன் வெரோனிகா காப்பியோடு வந்தாள். "உளி. அவருக்குக் கண்ணு சரியில்லண்ணே. ஒரு கண்ணுலதான் தெரியுது, அதுவும் கொஞ்சந்தான். ஒங்களாண்ட மறைக்க வேணாம்னு பாத்தேன்."

ரெக்ஸின் முகம் கறுத்தது. தலையைக் குனிந்துகொண்டான். ராமலிங்கம் காப்பியை ஆற்றினார், ஆற்றிக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் ஆவணியில் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார்.

"அண்ணி, நான் சொல்றத தப்பா நெனைக்கக் கூடாது. சன்னலு நாலும் கொத்தனாருக்கு ஒடனே வேணும். அத நான் வேற ஆளாண்ட குடுத்துடறேன். பூச ரூம் கதவு…" ரெக்ஸைப் பார்த்தார். "அது ரெக்ஸண்ணன் கையில வந்தாத்தான் நல்லா இருக்கும்னு எங்கூட்ல ஆசப்பட்டாங்க. அவசரம் இல்ல. முடியும்னா செய்யட்டும், முடியாதுன்னா இப்பவே சொல்லிடட்டும்."

"முடியும்" என்றான் ரெக்ஸ். குனிந்த தலை நிமிரவில்லை.

ராமலிங்கம் போனபிறகு அவன் வெடித்தான்.

"ஏன் சொன்ன? சன்னலு போயிட்ச்சி பாத்தியா! நாளைக்கி ஊரு முழுக்கத் தெரியும். ஒரு வேல வராது!"

"கதவு இருக்குதில்ல? சொல்லாம செஞ்சி, சன்னலு கோணலா போயிருந்தா? அப்ப இன்னா சொல்லுவாங்க? ரெக்ஸு குடிச்சிட்டு செஞ்சிட்டான்னு சொல்லுவாங்க. அந்தப் பேரு ஒங்களுக்கு வேணும்னா வேணும். எனக்கு வேணாம்."

அவன் எழுந்து பட்டறைக்குள் போய்விட்டான். வெரோனிகா கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலேயே போனாள். கதவருகே நின்றாள். அவன் இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் அழகாக அடுக்கிய வரிசையில் அந்தக் கை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போயிற்று. ஒன்றைத் தொட்டு நின்றது. தயங்கியது. பின்னால் வந்து மறுபடி தொடங்கியது. தெரியாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியவன் வழி கேட்க ஆளில்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். சூசையப்பர் படத்தை எடுத்து வாசல் கதவுக்கு மேலே மாட்டினாள்.

"சொல்லுங்க. எது எங்க இருந்துச்சி?"

"வுடு. அப்புறம் பாத்துக்கலாம்."

"இப்ப சொல்லுங்க. கொட்டாப்புளி எங்க?"

ரெக்ஸ் மேசைமுன் போய் நின்றான். முதுகைச் சுவருக்குக் காட்டினான். கண்ணை மூடினான். இரண்டு கண்ணையும். தையல் போட்ட கையை மெல்லப் பின்னால் நீட்டி, காற்றில் ஒரு இடத்தில் நிறுத்தினான். "இங்க."

அவள் கொட்டாப்புளியைத் தாங்கியோடு தூக்கிவந்து அந்தக் கைக்கு நேராக மாட்டினாள்.

"ரெண்டு விரக்கட கீழ… இல்ல, இன்னும் கொஞ்சம் எடதால. ஆங்."

"உளி?"

"அது கையோட கை வரக் கூடாது. ஒரு அடி தள்ளி. அலகு தொங்குதில்ல, அதான். நடுவுல காலியா வுட்டிருந்தேனே, அதுக்குத்தான்."

அந்தக் காலி இடத்தை நிரப்பியவள் அவள். உளிப் பலகையைத் தள்ளி மாட்டினாள். பிறகு, தானாகவே யோசித்து, ஒரு பட்டைத் துண்டை எடுத்துக் காட்டினாள்.

"அலகுக்கு முன்னால இத மாதிரி ஒரு மூடி அடிச்சா இன்னா? தெரியாம கை வெச்சாக்கூட மரத்துலதான் படும்."

ரெக்ஸ் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். "எனக்குத் தோணவே இல்ல."

"ஒங்களுக்கு எதுதான் தோணுது."

வெயில் தகரத்தைவிட்டு இறங்கும்வரை அவர்கள் அதைச் செய்தார்கள். மூலைமட்டம், அரம், குறடு, ரம்பம். அவன் கை நீட்டுவான், அவள் மாட்டுவாள். கை தேடாமல் போய் விழும்வரை விடமாட்டாள். பாட்டில்களையும் அவன் சொன்ன வரிசையில் திருப்பி மாட்டினாள். சொட்டு மருந்துக்கு மட்டும் பாட்டில் கொடுக்கவில்லை. அது சமையலறையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், அவள் கண்ணெதிரே இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் முடிந்ததும் திருப்புளியைக் கையில் எடுத்தாள்.

"ஸ்குரு எந்தப் பாட்டிலு?"

"எதுக்கு?"

"தூக்குனா வந்துடும்னீங்களே. இனிமே வரக் கூடாது."

ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு ஸ்குரு வைத்து அவளே முடுக்கினாள். பழக்கமில்லாத கை. இரண்டு தடவை திருப்புளி வழுக்கி விரலில் குத்தியது. ரெக்ஸ் கேட்டு வாங்கப் பார்த்தான். கொடுக்கவில்லை. நாற்பத்தொரு ஸ்குரு. கடைசி ஸ்குருவை முடுக்கும்போது அவள் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

அன்று சாயங்காலம் அவளே பிரிஸ்கில்லாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அழுதாள். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். "வந்து இன்னா பண்ணுவ? லீவு கெடைக்கும்போது வா. அப்பா கதவு செய்யறாரு, அவரத் தொந்தரவு பண்ணாத" என்றாள் வெரோனிகா. பக்கத்தில் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரெக்ஸ் கேட்டும் கேட்காதவன்போல் இருந்தான்.

மெஷின் விஷயத்தில் அவள் இறங்கவில்லை. பிளேடு பீரோவிலேயே இருந்தது. பெரிய அறுப்பெல்லாம் மூலக்குளத்தில் மரவாடி வைத்திருக்கும் வெற்றிவேலிடம் போனது. அளவு எழுதிக் கொடுத்தால் அறுத்து ஆட்டோவில் அனுப்பிவிடுவான். முதல் தடவை பலகை வந்தபோது ரெக்ஸ் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தான். கால் அங்குலம் கூட வைத்து அறுக்கச் சொல்லி, மிச்சத்தைக் கையால் இழைத்துக்கொண்டான். ஒரு நாளில் முடியும் வேலைக்கு மூன்று நாள் ஆயிற்று. குறியிட்ட கோடு தெரியாமல் ஒரு சட்டத்தை வீணாக்கினான். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து பென்சில் கோட்டை விட்டுவிட்டுக் கத்தியால் கீறிக்கொண்டான். நகத்தால் தொட்டால் தெரியும்.

ஆடி பிறந்து மேல்காற்று வீசும்போது கதவு முடிந்தது. ராமலிங்கத்தோடு அவர் மனைவி பாக்கியலட்சுமியும் வந்தாள். மணி கட்டும் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பூவேலை செய்த இடத்தில் விரலை ஓட்டினாள். ஒரு இதழ் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. அவள் விரல் அங்கே நின்றதை வெரோனிகா பார்த்தாள். ரெக்ஸும் எப்படியோ தெரிந்துகொண்டான்.

"அது கொஞ்சம் தடிச்சிப் போச்சிம்மா. எறக்கிக் குடுத்துடறேன்."

"வேணாண்ணே. இருக்கட்டும். நல்லாத்தான் இருக்குது" என்றாள் பாக்கியலட்சுமி. மெய்யாகவே நன்றாக இருக்கிறது என்று சொன்னாளா, பாவம் என்று சொன்னாளா என்று வெரோனிகா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு பாக்கியலட்சுமியின் அக்கா ஒரு பூசை மாடம் செய்து தரச் சொல்லி ஆள் அனுப்பினாள். அத்தோடு வெரோனிகா யோசனையை விட்டுவிட்டாள்.

ஆகஸ்டில் கண் பரிசோதனைக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். வலது கண் ஜனவரியில் இருந்தபடியே இருக்கிறது, குறையவில்லை என்றார் டாக்டர். நல்லதா கெட்டதா என்று கேட்டாள் வெரோனிகா. நல்லது என்றார். வெளியே வந்ததும் ரெக்ஸ் அவள் தோளில் கையை வைத்துக்கொண்டான். தெருவில் அப்படி நடந்து பழக்கமில்லை அவர்களுக்கு. அவள் கூச்சத்தோடு நடந்தாள், ஆனால் தோளை விலக்கவில்லை.

ஐப்பசியில் முதல் மழை பிடித்த அன்று வேன் வர நேரமாகி, அவள் வீடு வந்து சேர இரண்டரை ஆகிவிட்டது. ரெக்ஸ் காலையில் வைத்த ரொட்டியை வெறுமனே தின்றுவிட்டுப் படுத்திருந்தான். அடுப்பு மூட்டியிருந்தால் டீயாவது குடித்திருக்கலாம். தூள் எந்த டப்பா, சர்க்கரை எந்த டப்பா என்று தெரியவில்லை, ஒன்றைத் தேடப்போய் மிளகாய்த்தூளைக் கொட்டிவிட்டேன், துடைத்துவிட்டேன் என்றான். குற்றம் செய்த பிள்ளை மாதிரி சொன்னான்.

வெரோனிகா ஈரப் புடவையை மாற்றவில்லை. சமையலறை அலமாரியிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து பட்டறை மேசைமேல் வைத்தாள். டீத்தூள், சர்க்கரை, உப்பு, மிளகாய், மல்லி, பருப்பு. தகரத்தில் மழை இரைந்தது, கத்திப் பேச வேண்டியிருந்தது.

"இதுங்களுக்கும் ஒண்ணு செய்யுங்க!"

"எது?"

"சொவுரு! அடுப்புக்கு மேல. இதே மாதிரி."

ரெக்ஸ் எழுந்து வந்தான். டப்பாக்களைக் கையால் தடவி எண்ணினான். "ஒன் அடுக்களயாச்சே. நீ மாசத்துக்கு ஒருக்கா எல்லாத்தயும் மாத்தி மாத்தி வெப்ப."

"மாத்த மாட்டேன்."

"ஒனக்கு ஒயரம் பத்தாதே. என் கைக்கு வெச்சா ஒனக்கு எட்டாது."

"முக்காலி போட்டுக்கறேன். நான் விடியக்கருக்கல்ல போயிடறேன். நீங்க பசியோட கெடக்க வேணாம்."

அவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். அடுப்புமுன் நின்று, கண்ணை மூடி, கையை மேலே உயர்த்தினான். உயர்த்திய கையைக் கொஞ்சம் இறக்கினான். இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

"எட்டுதா பாரு" என்றான்.

அவள் பக்கத்தில் வந்து குதிகாலை உயர்த்தினாள். விரல் நுனி அவன் கையைத் தொட்டது.

"எட்டுது."

அவன் சட்டைப் பையிலிருந்த கத்தியை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு கீறினான்.